பன்னிரண்டில் மூன்றாவது தாள்

வீட்டுப் பத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். பேங்கில் அடமானத்தில் தூங்குகிறது என்றால் ஜெராக்ஸ் போதும். அதுவும் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரருடையதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். தரமாட்டார். அதோடு நாளையிலிருந்து உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

பத்திரத்தின் எழுத்தைப் படிக்க வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகம் அடித்திருக்கிற முத்திரையைப் பாருங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கும்: 1 புத்தகம், இன்ன ஆண்டு, இன்ன எண் கொண்ட ஆவணம், 12 தாள்களைக் கொண்டது, இது 3-வது தாள். அடுத்ததைப் புரட்டினால் 4-வது தாள். அதற்கடுத்து 5. ராயபுரத்தில் பதிந்திருந்தாலும் சரி, திருவொற்றியூரில் பதிந்திருந்தாலும் சரி, இதே கதைதான்.

இந்த வரியை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? பத்திரம் என்றால் நம் கண் போவது மூன்றே இடத்துக்கு. நம் பெயர், மனையின் அளவு, நான்கெல்லை. ஆனால் அந்த முத்திரை இல்லையென்றால் மற்ற மூன்றும் அந்தரத்தில்தான் தொங்கும்.

எப்படி என்று கேட்பீர்கள். நடுவிலிருந்து 7-வது தாளை யாரோ உருவிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-க்குப் பிறகு 8 வரும். திருட்டு உடனே பல்லிளித்துவிடும். இதற்கு வெறும் பக்க எண்ணே போதும். உருவியது 12-வது தாளாக இருந்தால்? 1 முதல் 11 வரை வரிசை அம்சமாக இருக்கும். ஒரு குறையும் தெரியாது. சொத்து விவரமும் சாட்சிக் கையெழுத்தும் வழக்கமாக உட்கார்ந்திருப்பதோ கடைசிப் பக்கங்களில். 'மொத்தம் 12' என்று ஒவ்வொரு தாளிலும் அடித்து வைத்திருப்பது அந்த ஆசாமிக்காகத்தான்.

ஆக, பக்க எண்ணுக்கு இரண்டு உத்தியோகம். ஒன்று, வழிகாட்டி வேலை. 'இதோ, இந்த இடம்' என்று விரல் நீட்டுவது. இன்னொன்று, வாட்ச்மேன் வேலை. யாரும் எதையும் எடுக்கவில்லை, செருகவில்லை என்று பார்த்துக்கொள்வது. முதல் வேலை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைச் சட்டம்தான் மறக்காமல் வைத்திருக்கிறது.

1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம், 16-வது பிரிவு. பதிவு அலுவலகத்தில் வைக்கும் புத்தகங்களின் பக்கங்களுக்கு வரிசையாக அச்சிலேயே எண் போட்டிருக்க வேண்டும். மொத்தம் எத்தனை பக்கம் என்று புத்தகத்தை வழங்கும் அதிகாரி முகப்புப் பக்கத்தில் சான்றளிக்க வேண்டும். ஒரு வரிகூட எழுதாத புது நோட்டுக்கு இந்த மரியாதை! 60-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே. பதிவான பத்திரத்தின் சான்றில், அது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் நகலெடுக்கப்பட்டது என்று எழுதச் சொல்கிறது. உங்கள் வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல, உங்கள் வீட்டின் பத்திரத்துக்கும் ஒரு கதவு எண்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த சந்தேகம் என்று நினைத்தால், திருவொற்றியூர் வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே இருக்கிற சிவனுக்கு ஆதிபுரீஸ்வரர், படம்பக்கநாதர் என்று பல பெயர்கள். அதில் ஒன்று, எழுத்தறியும் பெருமான். கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். சாரம் இது. ஒரு ராஜா, ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போய்க்கொண்டிருந்த படித்தரத்தைக் குறைக்கச் சொல்லி ஓலை எழுத வைத்தான். சிக்கன நடவடிக்கை! எழுதிய ஓலையை மறுபடி பார்த்தால் இரண்டு வரிகளுக்கு நடுவே புதிதாக ஒரு வரி. ஒற்றியூரைத் தவிர மற்ற ஊர்களுக்கு மட்டும் என்று. எழுதியவன் எழுதவில்லை, எழுதச் சொன்னவன் சொல்லவில்லை. ஆண்டவனே எழுதியது என்று முடிவாயிற்று. பெரிய புராணத்தில் சேக்கிழாரும் இதைத் தொட்டுக்கொண்டு போகிறார்.

பக்தியோடு கேட்டால் அற்புதம். ரெக்கார்டு ரூம் குமாஸ்தாவின் காதால் கேட்டால்? வரிக்கு நடுவே இடைச்செருகல்! இதைப் பக்க எண்ணால் தடுக்க முடியாது, கவனியுங்கள். தாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்கும் அதே பதிவுச் சட்டத்தில் 20-வது பிரிவு இருக்கிறது. வரிகளுக்கு இடையே எழுத்து, வெற்றிடம், அழிப்பு, திருத்தம் இவற்றில் எது இருந்தாலும், எழுதிக் கொடுப்பவர் பக்கத்திலேயே கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட வேண்டும். இல்லையென்றால் பதிவு செய்ய மறுக்கலாம். இன்றைக்கு எழுத்தறியும் பெருமானே வந்தாலும், 'சாமி, இங்க ஒரு இனிஷியல் போடுங்க' என்றுதான் சொல்வார்கள்.

இதே ஒற்றியூரில் சங்கிலியாரைக் கைப்பிடித்த சுந்தரர், அதற்கு முன்பு திருவெண்ணெய்நல்லூரில் ஒரு ஓலை வழக்கில் மாட்டியவர் என்பது ஞாபகம் இருக்கிறதா? கிழவர் காட்டிய ஆளோலையை வாங்கிக் கிழித்தே போட்டுவிட்டார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது நகல், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார். சபையில் பாட்டனாரின் பழைய கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். நகல், மூலம், கையெழுத்து ஒப்பீடு. நம் ஆட்கள் காகிதத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஆவண வழக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

ஓலைச் சுவடிக்கும் எண் உண்டு. ஆனால் பக்கத்துக்கு அல்ல, ஏட்டுக்கு. ஒரு ஏடு, ஒரு எண். பெரும்பாலும் முன்புறம், இடது ஓரத்தில், தமிழ் எண்ணில். கயிறு அவிழ்ந்து ஏடுகள் சிதறினால் அடுக்க அதுதான் வழி. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் தலையும் வாலும் இல்லாத சுவடிகளோடு அவர் பட்ட பாடு தெரியும். சுவடியில் மேலேயும் கீழேயும் இருக்கும் ஏடுகள்தாம் முதலில் ஒடியும். முதல் ஏடு 7 என்று ஆரம்பித்தால் 6 ஏடு போயிற்று என்று கணக்குச் சொல்லலாம். கடைசியில் எத்தனை போயிற்று? எண் அதைச் சொல்லாது. பத்திரத்தின் 12-வது தாளில் பார்த்தோமே, அதே ஓட்டை.

அச்சு வந்த பிறகும் ஐரோப்பாவில் எண் உடனே வந்துவிடவில்லை. 1470-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு அச்சுக்காரர் தாள்களுக்கு எண் போட்டார். 1499-ல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட ஒரு லத்தீன் நூலில் பக்கத்துக்கும் எண், வரிக்கும் எண். எதற்கு? பின்னால் சொல்லடைவு கொடுப்பதற்கு. வழிகாட்டி உத்தியோகம் இங்கேதான் நிரந்தரமானது.

இப்போது ராயபுரத்திலிருந்து துறைமுகத்தின் மதில் ஓரமாகவே தெற்கே வாருங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு நடந்தால் பாரிமுனை. எதிரே உயர் நீதிமன்றம். 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கம் இதன் உச்சியில்தான் இருந்தது. அதற்குக் கீழே வக்கீல்களுக்கு வழிகாட்டியது இன்னொன்று. நம்பரிங் மெஷின்.

பார்த்திருப்பீர்கள். கைப்பிடியோடு இரும்பில் ஒரு குட்டி யந்திரம். ஒரு குத்துக் குத்தினால் 000001. அடுத்த குத்துக்குத் தானாகவே 000002. பக்கத்தில் ஒரு முள் இருக்கும். அதைத் திருப்பி வைத்தால் ஒரே எண் இரண்டு முறை விழும். மூலத்துக்கு ஒன்று, நகலுக்கு ஒன்று. அமெரிக்காவில் எட்வின் பேட்ஸ் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஊர் வக்கீல்கள் ஆவண எண்ணை இன்றைக்கும் 'பேட்ஸ் நம்பர்' என்றே சொல்கிறார்கள். நம் ஊரில் மனுவோடு சேர்க்கும் ஆவணக் கட்டுக்கு 'டைப்ட் செட்' என்று பெயர். அதில் எண் தப்பினால் கோர்ட்டில் மானம் போகும். நீதிபதி ஒரு பக்கத்தைப் பார்ப்பார், வக்கீல் வேறொன்றை வாசிப்பார், எதிர்த்தரப்பு மூன்றாவதைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

கோர்ட்டுக்கும் பக்க எண்ணுக்கும் உள்ள உறவு இன்னும் ஆழம். கேசவானந்த பாரதி வழக்கை 'ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461' என்று குறிப்பிடுவார்கள். அந்த 1461 என்ன? வழக்கு எண்ணா? இல்லை சார், பக்க எண்! ஏ.ஐ.ஆர். என்ற தனியார் தொகுப்பில், அந்த ஆண்டு உச்ச நீதிமன்றப் பகுதியின் 1461-ம் பக்கத்தில் அந்தத் தீர்ப்பு ஆரம்பிக்கிறது. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பையே காப்பாற்றிய தீர்ப்பின் விலாசம், ஒரு பதிப்பாளர் போட்ட பக்க எண்.

அப்படியானால் அந்த எண் யாருடைய சொத்து? சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இதற்காகவே வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். வெஸ்ட் என்ற கம்பெனி தீர்ப்புகளைப் புத்தகமாகப் போட்டுவந்தது. லெக்ஸிஸ் என்ற சேவை அதே தீர்ப்புகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்தது. திரையில் ஏது பக்கம்? ஆனால் வக்கீல்களுக்குக் கோர்ட்டில் சொல்ல வெஸ்ட்டின் பக்க எண் வேண்டும். 1985-ல் லெக்ஸிஸ், திரையில் ஓடும் எழுத்துக்கு நடுவே 'இங்கே வெஸ்ட்டின் 214-ம் பக்கம் தொடங்குகிறது' என்கிற மாதிரி நட்சத்திரக் குறி போட்டு எண் சேர்க்கப்போகிறேன் என்று அறிவித்தது. வெஸ்ட் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. 1986-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. 1988-ல் லெக்ஸிஸ் பணம் கொடுத்து உரிமை வாங்கிக்கொண்டது. பக்க எண்ணுக்கு வாடகை! 1998-ல் வேறொரு வழக்கில், வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், எண்ணைச் சேர்ப்பது உரிமை மீறல் இல்லை என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2023-ல் வேறு வழி கண்டது. யாருடைய பக்கமும் வேண்டாம் என்று தீர்ப்புக்குத் தானே எண் கொடுத்தது. ஆண்டு, ஐ.என்.எஸ்.சி., வரிசை எண். உள்ளே இடம் சுட்ட, பத்தி எண்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம். திரையில் பக்கம் என்று ஒன்று உண்மையில் கிடையாது. வேர்டில் நீங்கள் அடித்த 40 பக்கக் கட்டுரையை வேறு கம்ப்யூட்டரில் திறந்துபாருங்கள். ஃபான்ட் மாறினால் 43 ஆகும், 38-ம் ஆகும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழில் ஆளுக்கொரு ஃபான்ட் வைத்துக் கொண்டிருந்தோமே, அப்போது எழுத்தே கட்டம் கட்டமாகத் தெரியும், பக்க எண் எந்த மூலைக்கு! இந்தத் தொல்லைக்குத்தான் 1993-ல் பி.டி.எஃப். வந்தது. எங்கே திறந்தாலும் அச்சடித்த தாள்போல அதே இடத்தில் அதே எழுத்து. 2006-ல் வந்த அக்ரோபாட் 8, அந்த இரும்பு யந்திரத்தின் பேட்ஸ் எண்ணையும் உள்ளே கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே மூச்சில் தொடர் எண்.

பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் ஆரம்பம். ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் செய்கிறீர்கள். அட்டை, உள்ளட்டை, ரோமன் எண் போட்ட முன்னுரை 14 பக்கம், அப்புறம்தான் 1. மென்பொருளோ அட்டையையே 1 என்று எண்ணும். தாளில் அச்சாகியிருப்பது 37, திரையின் மூலையில் காட்டுவது 53. நான் 37 என்கிறேன், நீங்கள் 53 என்கிறீர்கள், இரண்டு பேரும் சரி. திரை எண்ணை அச்செண்ணோடு பொருத்திவைக்க பி.டி.எஃப்.பிலேயே வசதி இருக்கிறது. மெனக்கெடுகிறவர்கள்தாம் குறைவு.

இது வழிகாட்டியின் கோளாறு. வாட்ச்மேனின் கோளாறு இன்னும் மோசம். நம்பரிங் மெஷினின் மை ஒரு முறை விழுந்தால் விழுந்ததுதான். கம்ப்யூட்டரில் 45 முதல் 50 வரை 6 பக்கத்தைத் தூக்கிவிட்டு, புதிதாக 1-லிருந்து எண் போட இரண்டு நிமிஷம் ஆகாது. மொத்தமும் தானாகவே குறைந்து, 'பக்கம் 45, மொத்தம் 194' என்று பதிவிசாகக் காட்டும். களவாணி கையிலேயே வாட்ச்மேனின் தொப்பி!

அதனால் காவல் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. பெயர், ஹாஷ். ஒரு கோப்பை மொத்தமாகக் கணக்குப் போட்டு நீளமாக ஒரு எண்ணெழுத்துத் தொடரை எடுப்பார்கள். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கமா மாறினாலும் ரேகை மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஹாஷ் மதிப்பை எழுதக் கட்டம் இருக்கிறது. எழுத்தறியும் பெருமான் செருகிய அந்த ஒரு வரிகூட இதில் மாட்டியிருக்கும். ஆனால் ஹாஷ் 'மாறியிருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். எந்த வரி என்று விரல் நீட்டாது.

நம் பதிவுத்துறையும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. 2000-ல் ஸ்டார் திட்டம், 2018-ல் ஸ்டார் 2.0. 2001-ல் பதிவுச் சட்டத்தில் 16ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள் (முறைப்படி, நாடாளுமன்றம் வழியாக!). புத்தகங்களைக் கம்ப்யூட்டர் ஃப்ளாப்பியிலும் டிஸ்கெட்டிலும் வேறு மின்னணு வடிவத்திலும் வைத்துக்கொள்ளலாம். ஃப்ளாப்பி மியூசியத்துக்குப் போய்விட்டது, சட்டத்தில் வார்த்தை நிற்கிறது. ஆன்லைனில் ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப்பாருங்கள். 'தொகுதி எண், பக்க எண்' என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய பத்திரங்களுக்கு அதில் எண் இருக்கும். புதியவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு. 60-வது பிரிவு கொடுத்த கதவு எண் போய், ஆவண எண் மட்டும் மிச்சம்.

துறைமுகத்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கப்பலில் வரும் சரக்குக்கெல்லாம் சேர்த்துச் சுங்கத்துறைக்கு ஒரு பட்டியல் போகும். ஐ.ஜி.எம். என்பார்கள். அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு லைன் நம்பர். ராஜாஜி சாலை கிளியரிங் ஏஜென்ட் யாரிடமும் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், விழிப்பார். ஐ.ஜி.எம். எண், லைன் எண் கேளுங்கள், சொல்லிவிடுவார். எண்ணைக் காகிதத்துக்குப் போடாமல் சரக்குக்கே போட்டதால், காகிதம் திரையாக மாறியபோது அவர்களுக்கு ஒன்றும் குடிமுழுகவில்லை. பிறகு திருத்த வேண்டுமானாலும் சுங்க அதிகாரியின் அனுமதி வேண்டும்.

இதே கடற்கரையில் இன்னொரு பக்கம் பாருங்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி. துறைமுகம், அனல் மின் நிலையம், ரசாயன ஆலை என்று எது வந்தாலும், எது விரிந்தாலும், அது பெரிய திட்டமென்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை இதற்கு விதி. வரைவு அறிக்கை, அதன் சுருக்கம் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும், குறைந்தது 10 அச்சுப் பிரதி, அதே அளவு மின்னணுப் பிரதி. குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2021 ஜனவரியில் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு இப்படி அறிவித்து, எதிர்ப்புக்கும் கொரோனாவுக்கும் நடுவே தள்ளிவைத்தார்கள்.

இந்த அறிக்கைகள் மெலிந்த சாதி அல்ல. தலையணை சைஸ். இணைப்புகள் தனி. ஒவ்வொரு இணைப்பும் தன் இஷ்டத்துக்கு 1-லிருந்து ஆரம்பிக்கலாம். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறால் பிடிக்கும் ஒருவர் எழுந்து, 'ஐயா, 14-ம் பக்கத்துல எங்க பாடு நடக்குற இடத்தைத் தண்ணியே இல்லாத தரைனு போட்டிருக்கீங்க' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருப்பது தமிழ்ச் சுருக்கம். மேடையில் இருப்பவர் கையில் ஆங்கில அறிக்கை. அவருடைய 14-ம் பக்கத்தில் வேறேதோ இருக்கிறது. 'அப்படி ஒண்ணும் இல்லையேப்பா' என்பார். பொய் சொல்லவில்லை. ஆனால் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

ஆகவே இப்படி ஒரு கூட்டத்துக்குப் போகிறீர்களா? பக்க எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அத்தியாயம், பிரிவு எண், அட்டவணை எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபான்ட் மாறினாலும் அவை மாறாது. எந்தக் கோப்பு, எந்தத் தேதியிட்ட பதிப்பு என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். பேசுவதோடு நிறுத்தாமல் எழுத்தாகவும் கொடுங்கள், கூட்ட நடவடிக்கையில் ஏறட்டும்.

தகவல் அறியும் உரிமையில் கேட்பதானால் இன்னும் ஒன்று. அரசாங்கக் கோப்பில் குறிப்புகளுக்குத் தனி வரிசை, கடிதங்களுக்குத் தனி வரிசை. வலது மேல் மூலையில் பென்சிலால் எண் போட வேண்டும் என்பது மத்திய அரசு அலுவலகங்களின் நடைமுறை விதி. இரண்டு வரிசையையும் சேர்த்தே கேளுங்கள். ஒவ்வொன்றிலும் மொத்தம் எத்தனை பக்கம் என்று ஒரு கேள்வியையும் சேருங்கள். மத்திய அரசு விதிப்படி நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். டிஸ்கெட்டோ ஃப்ளாப்பியோ என்றால் 50 ரூபாய். சோனி கம்பெனி ஃப்ளாப்பி விற்பதை 2011-ல் நிறுத்திவிட்டது. 2012-ல் புதுப்பித்த விதியில் ஃப்ளாப்பி அப்படியே இருக்கிறது. அதனால் விண்ணப்பத்தின் கடைசியில், சி.டி.யிலோ ஈமெயிலிலோ கொடுத்தால் போதும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.